பதினோராவது சீட்டு

மணி ரெண்டு இருபது. போர்டுல எழுதியாச்சு. ஐ கான்ட், அதுக்கப்புறம் ஒரு நீளக் கோடு, கோட்டு முடிவுல ஒரு புள்ளி. அந்தக் கோட்டுல அவங்கவங்களால முடியாத ஒண்ணை எழுதணும், சீட்டை நாலா மடிக்கணும், மேசை மேல இருக்கிற பிஸ்கட் டின்ல போடணும். அப்புறம் யாராவது ஒருத்தர் வந்து ஒவ்வொண்ணா எடுத்துப் படிப்பாங்க, எழுதின ஆள் எந்திரிச்சு நின்னு அதையே சத்தமா சொல்லணும், மத்தவங்க கை தட்டணும். ஒன்பது வருஷமா என் ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ்ல எல்லா பேட்சுக்கும் இதேதான், பத்தாவது நாள் பாடம், நீச்சல் தெரியாதவங்க, கார் ஓட்டத் தெரியாதவங்க, பாகற்காய் சாப்பிட முடியாதவங்க எல்லாருக்கும் கைதட்டல். பத்துப் பேரும் குனிஞ்சு எழுதுறாங்க. மதிய பேட்ச், வயிறு நிறையச் சோறு, தலைக்கு மேல கரகரன்னு சுத்துற ஃபேன், பச்சை கர்ட்டன் வழியா வர்ற வெயில்ல எல்லார் முகமும் குளத்தடியில இருக்கிற மாதிரி இருக்கு. கீழ மெடிக்கல் ஷாப்புல யாரோ ஷட்டரைப் பாதி இறக்குற சத்தம். எனக்கும் கண்ணு சொக்குது. தூங்கிட்டா எவ்வளவு நல்லாருக்கும், அப்படியே நாற்காலியிலயே, மூணு மணி தாண்டி, நாலு மணி தாண்டி, நாளைக்குக் காலையில போய் எந்திரிச்சா. மூணு மணிக்கு அண்ணன் கீழ வந்து நிப்பார். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கமிட்டி. என்னைத் தனியா ஒரு ரூம்ல உட்கார வச்சு, உங்க அண்ணன் கலியபெருமாளுக்கு உங்க கிட்னியில ஒண்ணைக் குடுக்க உங்களுக்கு மனப்பூர்வமா சம்மதமான்னு மூணு பேர் கேட்பாங்களாம். சம்மதம்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது. அந்த ஒரு வார்த்தைதான் பதினஞ்சு நாளா எனக்கு வர மாட்டேங்குது.

டீச்சர், இத்துனூண்டு கோட்டுல எப்படி எழுதுறதுன்னு பவுலின் கேக்குறா. பவுலின் தில்லை நகர்ல பிளவுஸ் தைக்கிறவ, வாய் முழுக்க குண்டூசி வச்சுக்கிட்டே பேசிப் பழகினதால இங்கிலீஷும் பல்லைக் கடிச்சுக்கிட்டேதான் வரும். எட்டிப் பார்த்தா, ஐ கான்ட் கம் சண்டே, பிகாஸ், பிகாஸ், அதுக்கப்புறம் பேப்பர் ஓரம் வரைக்கும் மாமியார், மாதா கோயில், மட்டன்னு ஒரு குடும்பக் கதை. பிகாஸ் வேண்டாம் பவுலின்ங்கிறேன். காரணம் சொல்லாம எப்படி டீச்சர், ஒரு மாதிரி இருக்காதாங்கிறா. இன்னிக்கு மட்டும் வேண்டாம், முடியாதுன்னு எழுது, புள்ளி வை. அவ புள்ளியைப் பார்க்கிறா. ஏதோ கெட்ட வார்த்தை எழுதச் சொன்ன மாதிரி என்னைப் பார்க்கிறா. அவளைச் சொல்லி என்ன. நமக்கு எங்க வரும் அது? பார்க்கலாம்போம், ஆகட்டும்போம், வீட்ல கேட்டுச் சொல்றேன்போம், உடம்பு ஒரு மாதிரியா இருக்குன்னு இல்லாத காய்ச்சலை வரவழைச்சுக்குவோம். எங்கம்மா அரிசி டப்பாவைக் கவுத்துத் தட்டினாலும் இல்லேன்னு சொல்ல விடமாட்டாங்க. இல்லேங்கிற வார்த்தை வீட்டுக்குள்ள வரக்கூடாதுடி, அரிசி நிறைஞ்சிருக்குன்னு சொல்லு. சர்க்கரை நிறைஞ்சிருக்கு, மண்ணெண்ணெய் நிறைஞ்சிருக்கு. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, அப்ப என் பேன்ட் பாக்கெட்டும் நிறைஞ்சுதான்மா இருக்குன்னுவார். அப்படி வளர்ந்தவளைப் போய், இல்லேன்னு சொல்றதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்குடுன்னு விதிச்சிருக்கான் பாரு ஆண்டவன். அவனுக்கும் பொழுது போகணும் போல.

யாருமே என்னைக் கேட்கல. இதை நினைச்சாத்தான் எனக்கு நெஞ்சு பத்திக்கிட்டு வருது. அண்ணிக்கு சர்க்கரை, அவங்கது ஆகாதுன்னுட்டாங்க. அவங்க பையன் கௌசிக்குக்கு இருபத்து நாலு வயசு, அவன் வாழ வேண்டிய பையன். அப்ப அண்ணன் வீட்டு ஹால்ல எல்லாரும் உட்கார்ந்திருக்கோம், அண்ணியோட அக்காதான் ஆரம்பிச்சாங்க, நம்ம தமயந்தி இருக்காளே, அவளுக்கென்ன, புருஷனா புள்ளையா. அவ்வளவுதான். எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டாங்க, தொலைஞ்ச சாவி கிடைச்ச மாதிரி. நான் பஜ்ஜியைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல, பஜ்ஜியைத் தின்னேன். அதுதான் சம்மதம் ஆயிடுச்சு. மறுநாளே அண்ணி மாதுளம்பழம் குடுத்து அனுப்பிச்சாங்க. அப்புறம் முருங்கைக்கீரை சூப். அப்புறம், உப்பைக் கொறச்சுக்க தமா, வெயில்ல அலையாதே தமா. எனக்கு நாற்பத்து மூணு வயசாகுது, இத்தனை வருஷத்துல நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாள் கேட்காதவங்க. பத்திரமா வச்சிருக்கிற ஊறுகாய் ஜாடியைத் துடைக்கிற மாதிரி என்னைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. வாழ வேண்டியவன் கௌசிக். அப்ப நான்? நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன் இத்தனை நாளா? காலையில ஃபில்டர் காப்பியோட பால்கனியில நிக்கிறது, மூணு பேட்ச், ஞாயித்துக்கிழமை ஒத்தையாப் போய் ஒரு சினிமா, வர்ற வழியில ஒரு பரோட்டா, கட்டில் முழுக்க கையையும் காலையும் பரத்திக்கிட்டு ஒரு தூக்கம். இதுக்குப் பேரும் வாழ்க்கைதான். எனக்கு இது பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை வெளிய சொன்னா யாரு நம்பப் போறாங்க.

ஸ்கேன் எடுத்த அன்னிக்கு வயித்துல ஜில்லுனு எதையோ தடவினாங்க. இருட்டு ரூம். ஸ்கேன் எடுக்கிற பொண்ணு டிவியை என் பக்கம் திருப்பி, ரெண்டும் ரொம்ப நல்லா இருக்கு மேடம், இடதுதான் எடுப்பாங்கன்னா. சாம்பல் கலர்ல, முந்திரிப் பருப்பு மாதிரி, தண்ணிக்குள்ள லேசா ஆடிக்கிட்டு. மூச்சு விட்டா அதுவும் இறங்குது, இழுத்தா ஏறுது. இத்தனை வருஷம் எனக்குள்ளயே இருந்திருக்கு, அன்னிக்குத்தான் முதல் தடவையா அதை மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்தேன். அன்னியிலேர்ந்து இடது பக்கம்தான் படுக்கிறேன். க்ளாஸ்ல நிக்கிறப்பக்கூட கை தானா அங்க போயிடுது. இப்பக்கூட அங்கதான் இருக்கு. டாக்டர் சொல்லிட்டார், ஒண்ணு போதும்மா, ஒண்ணை வச்சுக்கிட்டு நூறு வயசு வரைக்கும் இருக்கலாம். தெரியும். படிச்சவதானே நான். ஆனா கனவுல அந்த இடம் காலியா இருக்கு, ஜன்னல் இல்லாத ரூம் மாதிரி, காத்து மட்டும் உள்ள போய் போய் வருது, அதுக்குள்ள யாரோ ஷட்டரைப் பாதி இறக்குறாங்க. பயம்தான். அதுல மறைக்க என்ன இருக்கு. எனக்கு பயம். கத்தின்னா பயம், மயக்க மருந்துன்னா பயம், எந்திரிக்காமலே போயிடுவேனோன்னு பயம், எந்திரிச்சதுக்கப்புறம் நான் பழைய தமயந்தியா இருக்கமாட்டேனோன்னு பயம்.

மிஸ், லிஃப்ட்டுக்கு என்ன ஸ்பெல்லிங்னு ஜமால் கேக்குறான். தோஹாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போகப் போறவன். எழுதிக் காட்டுறேன். ஐ கான்ட் லிஃப்ட்னு எழுதி, நிறுத்தி, யோசிச்சு, தோள்பட்டையைத் தடவிக்கிறான். அவன் தோள்ல ஏதோ பழைய அடி இருக்கு போல, இத்தனை நாள் சொன்னதில்ல. இன்டர்வியூல இதைச் சொல்லலாமா மிஸ்ங்கிறான். சொல்லணும் ஜமால், முடியாததை முடியும்னு சொல்லிட்டு அங்க போய் மாட்டிக்கக் கூடாது. சொல்லும்போதே எனக்கு என் குரல் தூரத்துலேர்ந்து கேக்குது. யாரோ ஒரு நல்ல டீச்சர் பேசுறாங்க. ரொம்பத் தைரியமான பொம்பளையா இருப்பாங்க போல.

அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான். அண்ணி ஒரு பாட்டில்ல ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டு வச்சிருக்காங்க. அந்தக் கோட்டுக்குள்ளதான் காப்பி, மோர், மாத்திரை முழுங்குற தண்ணி எல்லாம். தாகம் எடுத்தா ஒரு ஐஸ் கட்டியை வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், செவ்வாய், வியாழன், சனி. முப்பது வருஷம் எங்க ஏரியாவுக்கே தண்ணி தொறந்து விட்ட மனுஷன். வால்வ் ஆபரேட்டர். வேலைக்குச் சேர்ந்த புதுசுல சைக்கிள்ல அந்த நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கிட்டுப் போவார், போறப்ப வீட்டு வாசல்ல பெல் அடிச்சு, தமா, பக்கெட்டை வைம்பார். ஓடிப்போய் குழாயடியில பக்கெட்டை வச்சுட்டு நிப்பேன். கொஞ்ச நேரம் குழாய்க்குள்ள வெறும் காத்து இருமும். அப்புறம் ஒரு சொட்டு. அப்புறம் ஹோன்னு வரும். எங்கண்ணன் எனக்குன்னு அனுப்புறார்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். வெயில்ல திரும்பி வந்து, குழாய்க்கு அடியில ரெண்டு கையையும் குவிச்சுக் குடிப்பார், தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கும், நான் எண்ணுவேன், இருபது, இருபத்தொண்ணு. இப்பக்கூட அது கண்ணு முன்னாடி ஓடுது. பச்சை வெயில், பத்துத் தலைகள், அதுக்கு மேல தண்ணி ஏறிக்கிட்டே வருது, நாற்காலி எல்லாம் லேசா மிதக்குது, பவுலினோட குண்டூசி டப்பா மிதக்குது, அண்ணன் நடுவுல நின்னு குடிக்கிறார், குடிக்கக் குடிக்கக் குறையவே மாட்டேங்குது. என்னால அவருக்குக் குடுக்க முடியும். அதான் கொடுமையே. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி என்னால முடியும். எல்லா டெஸ்ட்டும் பாஸ். முடியாதுன்னு சொல்ற ஒரே ஆள் நான்தான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில கவுன்சிலிங் மேடம் ஒருத்தங்க தனியாக் கூப்பிட்டாங்க. கதவைச் சாத்திட்டு மெதுவா சொன்னாங்க, உங்களுக்கு இஷ்டமில்லைன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, மெடிக்கலா சரிப்பட்டு வரலைன்னு நாங்க ஃபேமிலிகிட்ட சொல்லிடுவோம், காரணம் வெளிய வராது. நிறைய பேர் அப்படித்தான்மான்னாங்க. நிறைய பேர்! ஊர் பூரா எத்தனை வீட்ல சரிப்பட்டு வராத தங்கச்சி இருக்காளோ. நல்ல வழிதான். நாலு மணிக்கு அந்த மேடத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினா போதும், யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க. அண்ணி அழுவாங்க, பாவம் தமா, ஆசை ஆசையா குடுக்க வந்தான்னு என் தலையைத் தடவுவாங்க. மாதுளம்பழமும் நின்னுடும். ஆனா அண்ணன் நன்றியோட என்னைப் பார்ப்பார். நீ குடுக்கத் தயாரா இருந்தியேம்மான்னு ஒரு பார்வை. அந்தப் பார்வையை வருஷக் கணக்கா, ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் வாங்கி உள்ள வச்சுக்கணும். கிட்னியைக் குடுக்கிறதே தேவலைன்னு தோணுது. சரி, அப்ப குடுத்துடேன்டி. முடியல. அப்ப பொய்யாவது சொல்லேன். அதுவும் முடியல. அப்ப என்னதான்டி உன்னால முடியும்?

டின் என் முன்னாடி வந்தாச்சு. பத்துச் சீட்டு. என்னோடது ஒண்ணு போடணும், அதுவும் வழக்கம். ஒன்பது வருஷமா நான் எழுதுறது ஒரே வரிதான், பல்லியைப் பிடிக்க என்னால முடியாதுன்னு. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் எந்திரிச்சு நின்னு சிரிப்பேன். இன்னிக்கும் பேனா அந்தப் பல்லிக்குத்தான் போச்சு. பாதியில நின்னுடுச்சு. அப்புறம் கை எழுதினதை நான் வேடிக்கை பார்த்தேன். ஐ கான்ட் கிவ் இட். புள்ளி. மடிச்சுப் போட்டுட்டு, ஐயோ என்ன பண்ணிட்டோம்னு வேர்த்துப் போச்சு. ரெண்டு முப்பத்தஞ்சு.

கோதைநாயகியம்மாதான் எடுத்துப் படிக்க வந்தாங்க. ஐம்பத்தெட்டு வயசு, ஹூஸ்டன்ல பொண்ணு பிரசவத்துக்குப் போகப் போறாங்க, அங்க இமிக்ரேஷன்காரன் என்ன கேட்பானோன்னு இப்பலேர்ந்தே ராத்தூக்கம் இல்ல. மூக்குக்கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஒவ்வொண்ணா எடுக்குறாங்க. ஐ கான்ட் கம் சண்டே. பவுலின் எந்திரிச்சுச் சொன்னா, சொல்லி முடிச்சதும் வாயைக் கையால பொத்திக்கிட்டா, பிகாஸ் வெளிய குதிச்சுடுமோன்னு. எல்லாரும் தட்டினாங்க. ஜமால், தூக்க முடியாதுன்னு சொல்லும்போது தோள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. அடுத்தது கோதைநாயகியம்மாவோடதே வந்துடுச்சு, தரையில உட்கார முடியாதாம், தானே படிச்சு, தானே நின்னு, தானே கையும் தட்டிக்கிட்டாங்க, அறையே சிரிச்சுது. கனவுல சிரிக்கிற மாதிரி நானும் சிரிச்சேன். கடைசியில அது வந்துது. ஐ கான்ட் கிவ் இட். படிச்சுட்டு அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. யாரும் எந்திரிக்கல.

யாரு, யாரு, எந்திரிங்கப்பா, கூச்சப்படாதீங்கன்னு ஜமால் சுத்திச் சுத்திப் பார்க்கிறான். எல்லாரோடதும் வந்துடுச்சே டீச்சர், உங்க சீட்டுதான் பாக்கின்னு பவுலின் விரல் விட்டு எண்ணுறா. ஃபேன் கரகரங்குது. கோதைநாயகியம்மா சீட்டைப் பார்த்தாங்க, அந்தப் பச்சை மையைப் பார்த்தாங்க, இந்த க்ளாஸ்ல பச்சை பேனாவுல எழுதுறது நான் ஒருத்திதான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாங்க. இது என்னோடதுதான்னாங்க. உங்களோடது முன்னாடியே வந்துடுச்சே ஆன்ட்டின்னு ஜமால். ரெண்டு எழுதினேன், எனக்கு முடியாததா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கா என்ன? ஐ கான்ட் கிவ் இட். தட்டுங்க. என்னது ஆன்ட்டி, எதைக் குடுக்க முடியாதுன்னு பவுலின் விடல. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. ஏம்மா, அதை வேற சொல்லணுமா? டீச்சர்தான் பிகாஸ் வேண்டாம்னு சொல்லியாச்சே.

நான் சொன்னதுதான். மதியத்துலேர்ந்து நாலு தடவை சொல்லிட்டேன், ஒன்பது வருஷமா சொல்றேன், ஒரு தடவைகூட என் காதுல விழுந்ததில்லை. இப்ப அந்தம்மா வாய்ல கேட்டதும் ஏதோ குழாய்க்குள்ள காத்து இருமின மாதிரி இருந்தது. எந்திரிச்சேன். நாற்காலி பின்னாடி நகர்ந்த சத்தம் எனக்கே பெருசா கேட்டுச்சு. இல்லம்மா, அது என்னோடதுன்னேன். ஐ கான்ட் கிவ் இட். அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கல. பத்துப் பேரும் கை தட்டினாங்க, பவுலினுக்குத் தட்டின அதே கை, அதே சத்தம். முடியாதுன்னு சொன்னதுக்காக எனக்கு யாரும் கை தட்டினதில்ல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. போர்டை அழிக்கிற சாக்குல திரும்பிக்கிட்டேன். கோட்டை அழிச்சேன், ஐ கான்ட்டை அழிச்சேன், புள்ளி மட்டும் எப்படியோ நின்னுடுச்சு, அதை அப்படியே விட்டுட்டேன்.

மூணு மணி. செல்போன் அடிச்சு நின்னுது. அண்ணனால மாடி ஏற முடியாது, மிஸ்டு கால்தான். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலயும் ஒரு காரணம் வந்து கையைப் பிடிச்சுது, இல்லாத ப்ரஷரைச் சொல்லு, வேலையைச் சொல்லு, அந்த மேடத்தையே சொல்லச் சொல்லு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, கண்ணைக் காட்டினா முடிஞ்சுதேன்னு. மெடிக்கல் ஷாப் வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருக்கார். ஊசி குத்திக் குத்திப் புடைச்ச கையை மடியில தனியா வச்சிருக்கார். உதடு வறண்டிருக்கு. பக்கத்துல அந்தக் கோடு போட்ட பாட்டில், தண்ணி கோட்டுக்கு எவ்வளவோ கீழ. ஆட்டோ நிக்குது. என்னைப் பார்த்ததும், சாப்பிட்டியா தமான்னார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துது, இந்த மனுஷனைப் போய்.

அண்ணே, என்னால முடியாது.

ஏன்னாங்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்னுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எது முடியாதுன்னு கேட்கல. அவர் தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கிச்சு. உன்கிட்ட யாருமே கேட்கலேல்லம்மான்னார். நான் கேட்டிருக்கணும். ஒவ்வொரு நாளும் போனை எடுப்பேன். கேட்டா நீ சரின்னுடுவியேன்னு பயமா இருந்துது. கேட்காம விட்டா, தானா நடந்துடும்னும் இருந்துது. பொய் சொல்லக் கூடாது, அந்த ஆசையும் இருந்துது. சொல்லிட்டுக் குனிஞ்சு பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், குடிக்கல, மூடினார்.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, என்ன சார், ஆஸ்பத்திரிக்குத்தானே, லேட்டாவுதேங்கிறார். அண்ணன் நாற்காலிக் கையைப் பிடிச்சு மெதுவா எந்திரிச்சார். இல்லப்பா, வீட்டுக்குன்னார். அம்மா இருந்திருந்தா, இல்லேங்கிற அந்த வார்த்தைக்கே அவர் வாயைப் பொத்தியிருப்பாங்க. அவர் முதல்ல ஏறி, ஓரமா நகர்ந்து இடம் விட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். திரும்புற இடத்துல ஆட்டோ குலுங்கினப்ப அவர் தோள் என் இடது பக்கம் வந்து சாஞ்சுது. நான் நகரல.